முப்பத்தொன்றாம் தேதித் தண்ணீர்

மேற்குக் காடு
3.2.2024

தம்பி பாலகோபாலுக்கு,

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உன் வீட்டு நாய் குரைத்தால் என் சாளை வீட்டுக்குள் கேட்கிறது. நமக்கு நடுவே இருப்பது ஒரு வரப்பும் ஒரு கிணறும். இந்தக் காகிதம் மட்டும் தாராபுரம் போய், முத்திரை குத்திக்கொண்டு, திரும்பி உன் வாசலுக்கு வர வேண்டும். என்ன செய்வது. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறாய். பால் சொசைட்டி தனபால் அண்ணன்தான் வழி சொன்னார்: "நேர்ல பேசுனா ரண்டு பேருக்கும் வாய் நீளுதுங்கம்மணி. எதுன்னாலும் எழுதிக் குடுத்துக்கங்க."

விஷயம் இதுதான். நைனா, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காட்டை ஆளுக்கு ஐந்து ஏக்கராகப் பிரித்தபோது, கிணறு பொது என்றார். மோட்டார் ரூமில் தொங்கிய காலண்டரைப் படுக்கைக்கு எடுத்துவரச் சொல்லிக் காட்டி, "ஒத்தைப்படை தேதி அவனுக்கு, ரெட்டைப்படை உனக்கு" என்றார். சரி என்றேன். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஜனவரி 31 ஒற்றை, மறுநாள் பிப்ரவரி 1, அதுவும் ஒற்றை. இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் நீ இறைத்தாய். நம் கிணறு ஊறுவதற்கு ஒரு நாள் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? நேற்று என் முறைக்கு மோட்டார் போட்டேன். ஒரு மணி நேரத்தில் காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. சின்ன வெங்காயம் நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. கடைசி ஏழு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை.

நான் அதிகமாக எதுவும் கேட்கவில்லை. 31ஆம் தேதி வரும் மாதத்தில் அந்த ஒரு நாளை மட்டும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம். மத்தியானம் வரை நீ, அப்புறம் நான். யோசித்துப் பதில் எழுது.

அக்கா
வெங்கடலட்சுமி


கிழக்குக் காடு
9.2.2024

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாத் தபாலில் போட்டால், கிடைத்தும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னதாக நாளைக்கு நீங்கள் ஊரில் பேசுவீர்கள். ஆகவே இனிமேல் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பவும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். சாதாத் தபால் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

31ஆம் தேதி பற்றி. தேதி போட்டவர் நைனா. அதை மாற்ற நீங்கள் யார், நான் யார்? அவர் இருந்தபோது ஏன் கேட்கவில்லை?

கிணறு பொது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் பொதுதான். அந்தக் கிணற்றில் இரண்டு தடவை தூர் எடுத்தபோது இடுப்பில் கயிறு கட்டி இறங்கியது நான். உங்களுக்குப் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. இருபத்தாறு வருஷம் பொங்கலுக்கும் நோம்பிக்கும் வந்தீர்கள், தேங்காயும் பருப்பும் மூட்டை கட்டிக்கொண்டு போனீர்கள். நைனா படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் கிடந்தார். அவர் மலத்தை அள்ளியது யார்? புண்ணுக்கு மருந்து போட்டது யார்? நீங்கள் போனில் "நைனா சாப்பிட்டாரா" என்று கேட்டீர்கள். மாமா இறந்ததும் பங்கு வேண்டும் என்று வந்து நின்றீர்கள். கேட்ட உடனே அவரும் சரிபாதியை எழுதிக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்பதால் எனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

அந்த ஒரு நாள் தண்ணீர் நைனா தெரிந்தே எனக்குக் கொடுத்தது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அதைத் தர மாட்டேன்.

இப்படிக்கு
பாலகோபால்


மேற்குக் காடு
4.3.2024

பாலகோபாலுக்கு,

என்னைப் போய் "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவளை. வீட்டில் நாம் பேசுவது தெலுங்கு. அதில் எனக்கும் எழுதத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதில் "நீங்கள்" போட உனக்குக் கை வந்திருக்காது.

நைனாவைப் பார்த்துக்கொண்டது நீதான். இல்லை என்று எங்கேயாவது சொன்னேனா? அதே மூன்று வருஷம் உன் மாமாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் "நைனா சாப்பிட்டாரா" என்று கேட்டேன். நான் சாப்பிட்டேனா என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? இதெல்லாம் யார் அதிகம் அள்ளினார்கள் என்ற போட்டியா?

இந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 நாள். அதுவும் ஒற்றை, மறுநாள் மார்ச் 1, அதுவும் ஒற்றை. மறுபடியும் இரண்டு நாளும் உனக்கு. மறுபடியும் என் கடைசிப் பாத்திகள் காய்ந்தன. தென்னைக்கு ஒரு நாள் தண்ணீர் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. நாற்பது நாள் வெங்காயத்துக்கு ஆகும். இது உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்கிறாய், அதுதான் எனக்கு எரிகிறது.

மார்ச் 31 வருகிறது. அன்றைக்கு மத்தியானம் நான் மோட்டார் போடுவேன். தடுத்தால் அடுத்த தபால் வக்கீல் நோட்டீஸாகத்தான் வரும். நீ கேட்டபடி ரிஜிஸ்டரிலேயே வரும். இதற்கு உறை வாங்கியபோது தபால்காரர் இன்று கேட்டார்: "ஏனுங்கம்மா, கத்துனா கேக்கற தூரத்துக்கு எதுக்குங்க ரிஜிஸ்டரு?" எங்கள் தம்பிக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டேன்.

வெங்கடலட்சுமி


கிழக்குக் காடு
2.4.2024

அக்கா அவர்களுக்கு,

முந்தாநாள் நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

31ஆம் தேதி மத்தியானம் என் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து வால்வைத் திருப்பினீர்கள். நான் மோட்டாரை நிறுத்தி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். கோபத்தில் அதைக் கிணற்றுக்குள் எறிந்ததும் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் என்னைக் கன்னத்தில் அறைந்தீர்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. களை வெட்ட வந்த பூவாத்தாளும் அவள் கூட்டத்துப் பெண்கள் பதினான்கு பேரும் வரப்பில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகள் பிரீத்திகா வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள்.

நைனாகூட என்னைக் கை நீட்டி அடித்ததில்லை.

நேற்று பால் ஊற்றப் போன இடத்தில் ஒருவன், "என்னங்க, கன்னம் வீங்கியிருக்குதுங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதையும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டீர்கள்.

ஃபியூஸ் கட்டை புதிதாக வாங்கி மாட்டிவிட்டேன். உங்கள் முறை உங்களுக்கு உண்டு. மற்றபடி இந்தக் காட்டில் எனக்கு அக்கா என்று யாரும் கிடையாது. ஆளும் பேரும் இல்லாமல் விவசாயம் பார்க்க முடியுமா என்று இனிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலகோபால்


மேற்குக் காடு
22.4.2024

தம்பி,

இந்தக் கடிதத்தில் சண்டை இல்லை. முழுவதும் படி.

அறைந்தது தப்பு. கை ஓங்கிய அந்த நிமிஷமே தெரிந்தது, ஆனால் கை நிற்கவில்லை. பத்துப் பேர் முன்னால் அடித்தேன், பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல், கேட்கிறேன். பால் சொசைட்டியில் வந்து நின்று கேட்கச் சொன்னாலும் சரி.

வெங்காயம் விளைந்துவிட்டது. தாள் எல்லாம் சாய்ந்து மஞ்சள் பூத்துவிட்டது. ஐந்தாறு நாளுக்குள் பிடுங்கி, காய வைத்து, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு அடுக்கியாக வேண்டும். இவ்வளவு தண்ணீர்ச் சண்டைக்கும் காய் நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. நீ பார்த்தாலே சொல்வாய்.

பூவாத்தாள் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவள் அழுதுவிட்டாள். "நாங்க என்னங்கம்மணி பண்றது. வருசம் பூரா எங்களுக்குச் சோறு போடறது தம்பி தோட்டந்தான். அக்கா காட்டுல கால் வெச்சவ எங்காட்டுக்கு வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, அடுத்த நிமிசம் வந்தர்றோம்" என்றாள். மூலனூர்ப் பக்கம் கேட்டேன், அங்கே எல்லாரும் முருங்கைக் காய் பறிப்பில் இருக்கிறார்கள். பெருந்துறையிலிருந்து பவன், அம்மாவுக்கு ஒத்தாசை என்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். கம்பெனியில் மெஷின் முன்னால் நின்று பழகிய பையன். இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலு பாத்தி பிடுங்கினோம். அவன் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. இரண்டு ஏக்கர் கிடக்கிறது.

முந்தாநாள் கிணற்று மேட்டில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய்விட்டாய். அதனால்தான் மறுபடியும் காகிதத்தில் வந்து நிற்கிறேன்.

இந்த வெங்காயத்தில்தான் நான் இந்தக் காட்டில் இருக்க முடியுமா, முடியாதா என்பது இருக்கிறது. பவன் விற்றுவிடச் சொல்கிறான். "ஒரு வெள்ளாமை பார்க்கலாம்டா" என்று சொல்லி அவனை நிறுத்தி வைத்திருக்கிறேன். தண்ணீர் முறையெல்லாம் உன் இஷ்டம், அந்த 31ஆம் தேதியை நீயே வைத்துக்கொள். பூவாத்தாளிடம் ஒரு வார்த்தை, "போங்க" என்று ஒரு வார்த்தை சொல். மேற்கே ரெண்டு நாளாக மேகம் கட்டுகிறது.

அக்கா


கிழக்குக் காடு
6.5.2024

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கடிதம் ஏப்ரல் 25ஆம் தேதி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கிப் பிரிக்காமல் தீவன மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்தேன். அடுத்த தபால் அதுதான் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? நோட்டீஸைப் பிரித்தால் பதில் கொடுக்க வேண்டும், தாராபுரத்துக்கு அலைய வேண்டும். பிரீத்திகாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற வாரம், அது போகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தினமும் தீவனம் அள்ளும்போது உறையின் மூலை கண்ணில் படும். உன் கையெழுத்து தெரியும். தெரிந்தும் எடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2ஆம் தேதி சாயங்காலம் அந்த மழை கொட்டியதே, இரண்டாம் நாளும் விடவில்லையே. நாலாம் தேதி காலையில் தீவன மூட்டை நனைந்துவிட்டதா என்று நகர்த்தினேன். உறை ஈரமாகிவிட்டிருந்தது. அப்போதுதான் பிரித்தேன்.

படித்த உடனே பூவாத்தாள் வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தனை பேரையும் உன் காட்டுக்கு அனுப்பினேன். நானும் பின்னால் வந்தேன், வரப்பிலேயே நின்றுவிட்டேன். பூவாத்தாள் ஒரு கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் அழுகிப் போச்சுங்க" என்றாள். அந்த வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. நீ சாளைக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுந்து சாளைக்குள் போய்விட்டாய்.

பூவாத்தாளிடம் அப்படிச் சொன்னது உண்மை. கன்னம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் சொன்னது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவர்கள் நிற்பார்கள் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். மூன்று நாள், நாலு நாள் நீ திண்டாடட்டும், அப்புறம் நானே அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளாமைக்கு விதைக்காய் நான் தருகிறேன். உழவு என் டிராக்டர். தண்ணீர் நீ கேட்கிற நாளெல்லாம் எடுத்துக்கொள். உன் நம்பரையும் திறந்துவிட்டேன். கூப்பிட்டால் எடுக்கிறேன்.

பாலகோபால்


போத்தனூர்
12.6.2024

பாலகோபாலுக்கு,

கூப்பிடலாம்தான். உன் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காட்டை விற்றுவிட்டேன். ஐந்து ஏக்கரும், சாளையும், கிணற்றில் பாதியும், இரட்டைப்படை தேதி முழுவதும். நேற்றுப் பதிவு முடிந்தது. வாங்கியவன் தண்ணீர் லாரி திருமூர்த்தி. பத்திரத்தில் முறைத் தண்ணீர் பாத்தியதை என்று தனி வரி போட்டு எழுதி வாங்கிக்கொண்டான்.

அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பாய். தெரியும். வெங்காயம் போடமாட்டான், சோளமும் போடமாட்டான். லாரி லாரியாக எடுத்துத் திருப்பூர் பக்கம் கொண்டுபோய் ஊற்றுவான். தெரிந்துதான் விற்றேன். நல்லவள் போல நடிக்க எனக்கு வரவில்லை.

உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தனபால் அண்ணன் வருத்தப்பட்டாராம். எழுதிக் கேட்டிருக்கலாம், நீ எந்த மூட்டைக்குப் பின்னால் வைப்பாயோ என்று பயந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்.

நாலு நாள் நான் திண்டாடட்டும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறாய். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர்ச் சண்டை எனக்குப் பெரிதில்லை, பங்காளிகள் எல்லாரும் போடுகிற சண்டை. கிணற்றில் நீ என்னைத் தடுத்தாய், சண்டைக்கு வந்தேன். ஆட்களை நீ தடுத்தபோது எனக்கு யாருடன் சண்டை போடுவது என்று தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்து அந்தப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றேன். எட்டு நாள் நின்றேன். மழை வந்த அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெங்கடலட்சுமி


கிழக்குக் காடு
19.8.2024

அக்கா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

திருமூர்த்தி கிணற்றுக்கு முப்பதடி தள்ளி, உன் பழைய காட்டுக்குள், ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டுவிட்டான். தேதியெல்லாம் அவனுக்கு இப்போது கணக்கே இல்லை. பொழுது விடிந்தால் லாரி வரிசை நிற்கிறது. கிணற்றில் இறங்கும் படி கடைசி வரைக்கும் தெரிகிறது. தூர் எடுத்த நாட்களைத் தவிர, நம் நைனா காலத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. மாட்டுக்குத் தண்ணீர் இப்போது அவனிடமே கேட்டு வாங்குகிறேன். "எடுத்துக்குங்க மாமா, நம்ம தண்ணிதானே" என்கிறான். தென்னையில் குரும்பை கொட்டுகிறது. பூவாத்தாள் கூட்டத்துக்கு என் காட்டில் வேலை இல்லை, அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள்.

இதற்கு உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆத்திரம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீ விற்றது என்னைக் கொல்லத்தான்.

பிரீத்திகாவுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம் முடிவாகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் முதல் மஞ்சளை அத்தைதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பத்திரிகையும் சேலையும் எடுத்துக்கொண்டு நேற்று முன்தினம் போத்தனூர் வந்தேன். ஒரு மணி நேரம் கதவைத் தட்டினேன். சேலைப் பையைக் கிரில் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டார்களோ என்று பயமாக இருக்கிறது. கிடைத்ததா என்று மட்டும் சொல்.

எனக்காக வேண்டாம். குழந்தைக்காக வா, அக்கா.

பாலு


போத்தனூர்
27.8.2024

பாலகோபாலுக்கு,

சேலை கிடைத்தது. இந்தக் கடிதத்துடன் அதே பையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ வந்த அன்றைக்கு நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். நீ தட்டிய ஒவ்வொரு தட்டையும் கேட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் அத்தைக்கு முடியவில்லை என்று சொல். கிணறு பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. அழுகையும் வரவில்லை. விற்று வந்த பிறகு எனக்கு அந்தக் காட்டைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை. உன்னைப் பற்றித்தான் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு ஏதாவது ஆனால் பவன் உனக்குச் சொல்லி அனுப்புவான். அவன் மரியாதை தெரிந்த பையன். ஆனால் நீ வராதே. பிணத்தின்மேல் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடிச் சேலையை நீ கொண்டுவர விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கோடி இல்லாமல் எப்படியம்மா உன்னை எடுப்பது என்று கேட்டான். அதற்கும் வழி செய்துவிட்டேன்.

நேற்றுக் கடைவீதிக்குப் போய் நானே ஒரு சேலை எடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், இருபது சேலையைப் பிரித்துப் போட்டார். "யாருக்குங்கம்மா, உங்களுக்குங்களா?" என்று கேட்டார். எனக்குத்தான், தம்பி எடுத்துத் தருகிற சேலை என்றேன். "அப்படீங்களா? கூடப் பொறந்தவங்க எடுத்துக் குடுக்கறதுன்னா சும்மாங்களா. குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றார்.

வெங்கடலட்சுமி